காறை எலும்பு எந்தப் பக்கம்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில்தான் எனக்கு எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. ஹாஸ்டலில் பெட்டியை இறக்கிய நாளிலிருந்து ஒரே பயம், இங்கிலீஷ்.

முதல் இன்டர்னலில் அனாடமியில், அதாவது உடற்கூறியலில், 100க்கு 38. பாஸ் மார்க் 50. இங்கிலீஷ்தான் காலை வாரிவிட்டது என்று அழுதுகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில், கான்வென்டில் படித்த ரூம்மேட் 41 வாங்கிவிட்டு என்னைவிடச் சத்தமாக அழுதாள். அப்போதுதான் உறைத்தது. ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்ற கழுத்துத் தசையின் பெயர் அவளுக்கும் புதுசுதான்.

அன்று ராத்திரி ஒரு சீனியர் அக்கா தன் போன் செட்டிலிருந்து (படிக்க வைத்திருக்கும் எலும்புகள்) கிளாவிக்கிளை எடுத்து என் கையில் வைத்தார். "புக்கை மூடுடி. உன் தோள்ல வச்சுப் பாரு." அட, பள்ளியில் படித்த காறை எலும்பு! தட்டை முனை தோள்பக்கம், தடித்த முனை நெஞ்சுப்பக்கம், நீளமான பள்ளம் அடியில். நெஞ்சருகே முன்னால் புடைத்து, தோளை நெருங்கும்போது பின்னால் வளையும். வலதா இடதா என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அதே பக்கத்தோடு புத்தகத்தில் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருந்தேன்.

டைசெக்‌ஷன் ஹாலிலும் அதே கதைதான். நாங்கள் அறுத்துப் படிக்கவிருந்த, உடல்தானம் செய்தவரின் உடல் முன் முதல் நாள் உறுதிமொழி எடுத்தபோது தொண்டை அடைத்தது. அப்புறம் உடல் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் நெடியில் கண் எரிய, பின்வரிசைக்கு ஒதுங்கினேன். பெரிய தப்பு. முன்னால் நின்று ஃபோர்செப்ஸால் நரம்பைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற கைக்கான நரம்புப் பின்னல் மண்டையில் ஏறியது. முந்தைய இரவு, மறுநாள் வெட்டும் பகுதியை மட்டும் ஒரு புரட்டு புரட்டிவிட்டுப் போவேன். (ஃபார்மலின் வாசத்தில் பசிக்கும் என்று சீனியர்கள் சொன்னதை நம்பவில்லை. உண்மைதான். மெஸ் சாம்பார்கூட இறங்கியது.)

வைவா என்ற வாய்மொழித் தேர்வுதான் கடைசிவரை உதறல். பதில் தெரியும், வாய் திறக்காது. ராத்திரி மொட்டைமாடியில் ரூம்மேட்டும் நானும் மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டோம். முதலில் தமிழில் சொல்வேன், பிறகு அதையே இங்கிலீஷில். உடைந்த இங்கிலீஷ்தான். எக்ஸாமினர்களுக்கு எலும்பு சரியாக இருந்தால் போதும், இலக்கணத்தை யாரும் கேட்கவில்லை. பயோகெமிஸ்ட்ரிக்கு இப்படி ஒரு வழியும் கிடைக்கவில்லை, மனப்பாடம்தான்.

இரண்டாம் இன்டர்னலில் 57. வருடக் கடைசியில் எல்லாம் பாஸ்.

அக்காவிடமிருந்து வந்த போன் செட்டை இப்போது ஜூனியர் ஒருத்திக்குக் கொடுக்க வேண்டும். பட்டாணி அளவு மணிக்கட்டு எலும்பு, பிசிஃபார்ம் ஒன்றைக் காணோம். ரூம்மேட் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறாள்.