மெதர்ஜின் ஊசியும் கருப்பு பிடிச்ச கதிரும்

லேபர் வார்டுல வேலை பாக்குறவங்களுக்கு மெதர்ஜின் தெரியாம இருக்காது, ஃப்ரிட்ஜுல வச்சிருக்குற சின்ன ஆம்ப்யூல், பிரசவம் ஆகி ரத்தப்போக்கு நிக்கலைன்னா போடுவாங்க, கர்ப்பப்பை இறுகி ரத்தம் கட்டுப்படும். பிபி இருக்குற அம்மாவுக்கு போடக்கூடாது, குழந்தை வெளிய வர்றதுக்கு முன்னாடி தொடவே கூடாது. நர்சிங் படிக்கும்போது இதையெல்லாம் மனப்பாடம்தான் பண்ணோம், பின்னாடி எவ்ளோ பெரிய கதை இருக்குன்னு அப்புறமாதான் தேடிப் படிச்சேன்.

இந்த மருந்து வந்தது எர்காட்ங்குற பூஞ்சைலேந்து. ஐரோப்பாவுல விளையுற ரை தானியம் பூக்குற நேரத்துல குளிரும் ஈரமுமா இருந்தா பூவுக்குள்ள புகுந்துக்கும், மொதல்ல பிசுபிசுன்னு தேன் மாதிரி ஒழுகும், பூச்சிங்க அதை மத்த கதிருக்கும் பரப்பும், கடைசில மணி இருக்க வேண்டிய இடத்துல கருப்பா கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். அதையும் சேத்து அரைச்ச மாவுல ரொட்டி சுட்டு சாப்பிட்டவங்களுக்கு ரத்தக்குழாய் சுருங்கி, கை கால் நெருப்பா எரிஞ்சு, கருத்து அழுகி விழுந்துச்சு. அந்தோணியார் நெருப்புன்னே அதுக்கு பேரு (பதுவை அந்தோணியார் இல்லங்க, வனத்து அந்தோணியார்).

இதே கருப்பு மணியைத்தான் அங்க மருத்துவச்சிங்க பிரசவ வலி வர்றதுக்கு குடுத்திருக்காங்க. 1808ல நியூயார்க் பக்கம் ஜான் ஸ்டெர்ன்ஸ்னு ஒரு டாக்டர் இதைப் பத்தி எழுத, மத்த டாக்டர்ங்களும் பிரசவம் சீக்கிரம் முடியுதேன்னு குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா சாதாரண வலி விட்டு விட்டு வரும், இது பிடிச்ச பிடியை விடாது, குழந்தைக்கு ரத்தம் போகாது, கர்ப்பப்பையே கிழிஞ்சிரலாம். 1824ல டேவிட் ஹோசாக்னு இன்னொரு டாக்டர், இத்தனை பிள்ளைங்க செத்துப் பொறக்குது, இது பிரசவப் பொடி இல்ல சாவுப் பொடின்னு எழுதி, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தத்தை நிறுத்த மட்டும் வச்சுக்கங்கன்னாரு. நாங்க மனப்பாடம் பண்ண ரூல் அப்பவே எழுதினதுதான்!

1935ல இந்தப் பூஞ்சைலேந்து எர்கோமெட்ரின்ங்குற மருந்துப் பொருளைத் தனியா பிரிச்சாங்க, அதை கொஞ்சம் மாத்தி வந்ததுதான் மெதர்ஜின், செஞ்சவரு ஆல்பர்ட் ஹாஃப்மன், எல்எஸ்டிங்குற போதைப்பொருளைக் கண்டுபிடிச்ச அதே ஆளு. ஒத்தைத் தலைவலிக்கு குடுக்குற எர்கோடமினும் இந்தப் பூஞ்சைலேந்து வந்ததுதான், 1918ல பிரிச்சது. எரித்ரோமைசின்ங்குற ஆன்டிபயாடிக் சாப்பிடுறவங்க எர்கோடமினையும் சேத்து போட்டா இன்னிக்கும் கை கால் கருத்துப்போகலாம், டாக்டர்கிட்ட எல்லா மாத்திரையும் சொல்லிடுங்க.

நம்ம கம்புப் பயிர்ல வர்ற தேன் ஒழுகல் நோய் இதோட பங்காளிதான், வேற இனம். சாப்பிட்டா வாந்தி, தலைசுத்தல் வரும். விதைக்குறதுக்கு முன்னாடி 10 லிட்டர் தண்ணில ஒரு கிலோ உப்பு கரைச்சு விதையைப் போட்டா கருப்பு மணி மேல மிதக்கும், அள்ளிக் கொட்டிட்டு மிச்ச விதையை நல்ல தண்ணில அலசி காயவச்சுக்கலாம்.