முப்பத்தைந்து பவுண்டு ஹிட்ச்

ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (டிரக்கின் பின்தொட்டியில் மூக்கை வைத்து இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வாங்கியிருக்கிறோம் என்றால் இங்கே டெக்சஸில் உடனே வரும் கேள்வி, "உங்கள் டிரக் எவ்வளவு இழுக்கும்?" என்பதுதான். ஓட்டுநர் கதவின் உள்விளிம்பில், மஞ்சளும் வெள்ளையுமாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை யாரும் கேட்பதில்லை. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. இழுவைத் திறனில் பாதியைக்கூடத் தொடாத நிலையிலேயே பலருக்கு அந்த அளவு தீர்ந்துவிடும்.

எங்கள் 'முக்கால் டன்' டிரக்குக்கு (இது வகையின் பெயர்தான், எடைக் கணக்கு இல்லை) அது 2,350. டிரெய்லர் சாமான்களோடு 9,500. ஃபிஃப்த் வீலில் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் (டிரெய்லர் மூக்கின் அடியில் நீட்டியிருக்கும் முளை) வழியாக டிரக்கின் மேல் இறங்கும்; அப்படிப் பார்த்தால் 1,900. விற்பனைச் சிற்றேடு இதைவிடக் குறைத்துத்தான் சொல்லும். அது காலி வண்டியின் கணக்கு. பெரிய சாமான் அறை முன்பக்கம் இருப்பதும், அதில் என் மனைவி அரிசி மூட்டையும் கிரைண்டரும் வைப்பதும் அச்சடித்தவர்களுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் 320. மிச்சம் 130. டிரெய்லரை டிரக்கோடு பூட்டுவது ஹிட்ச்; இதில் இருநூறு பவுண்டைத் தாண்டும் எஃகு ஹிட்சை எங்கே ஏற்றுவது? இடுப்பு வலிக்காரன் அதை இறக்கிவைப்பதுதான் எப்படி?

ஆகவே ஆண்டர்சன் நிறுவனத்தின் 'அல்டிமேட்' என்ற அலுமினிய ஹிட்சை வாங்கினேன். சுமார் 35 பவுண்டு; 24,000 பவுண்டு டிரெய்லர் வரை இழுக்கலாம் என்கிறது நிறுவனம். எதிர்வீட்டுப் பண்ணைக்காரர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீதி எப்போது வரும்?" என்று கேட்டார்.

பின்தொட்டியின் நடுவில், டிரக்கின் சட்டத்தோடு இணைந்த கூஸ்நெக் குண்டை (இன்னொரு வகை டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) இது இறுகப் பிடித்துக்கொள்கிறது. தொட்டித் தகட்டை மட்டும் நம்பி நிற்கும் சமாச்சாரம் இல்லை. மேலே இன்னொரு குண்டு. கிங்பினில் மாட்டிய கிண்ணம் அதன்மேல் உட்காரும். கிங்பினைக் கவ்வும் தாடை இல்லை, கிரீஸ் பூசும் தட்டும் இல்லை. சட்டையில் கறுப்புக் கறை ஒட்டுவதும் நின்றது.

குறையும் உண்டு. வழக்கமான ஹிட்சில் பின்னால் வந்தாலே தாடை தானாகக் கவ்வும். இதில் குண்டுக்கு நேர் மேலே கிண்ணம் வரும்வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் கணவன் மனைவி ஒற்றுமைக்கு உத்தரவாதம் கிடையாது. கிண்ணத்தைக் கழற்றாமல் பட்டறைக்காரர் தன் டிரக்கில் டிரெய்லரை இழுக்கவும் முடியாது. ஒரு டன் டிரக்கும் நல்ல இடுப்பும் வாய்த்தவர்கள் பி அண்ட் டபிள்யூ கம்பேனியன் போன்ற எஃகு ஹிட்சை வாங்கிக்கொள்ளட்டும், நான் தடுக்கமாட்டேன்.

எந்த ஹிட்சானாலும் இழுத்துப் பார்க்காமல், டிரெய்லரின் மூக்கைத் தாங்கி நிற்கும் முன்கால்களைத் தூக்காதீர்கள். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, அதன் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை மெதுவாக முன்னே நகர்த்துங்கள். சரியாகப் பூட்டாமல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தூக்கிவிட்டு நகர்ந்தால் டிரெய்லரின் மூக்கு தொட்டியின் பக்கச் சுவரில் வந்து விழும்.

எல்லாம் ஏற்றியபின் நெடுஞ்சாலை டிரக் நிறுத்தத்தில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்னும் எடை மேடையில் ஏறினோம். அச்சு வாரியாக எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள். பின் அச்சு வரம்புக்குள் இருந்தது. கருவிப் பெட்டிக்கும் இடம் இருக்கிறது. மாவாட்டும் கிரைண்டரோடு மிக்ஸியும் வருமா என்பது இன்னும் பேச்சுவார்த்தையில்.