ராஜாவுக்கு ராஜா

போன ஞாயிறு மகளோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். குதிரையைத் தூக்கி வைத்து, "ராஜாவுக்கு செக்ப்பா" என்றாள். என் கவனம் ஆட்டத்தில் இல்லை. லுங்கி வாங்கிய ஒருவர் கொடுத்த 18,000 ரூபாய் செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்திருந்தது. அதை மடித்துப் பையில் வைக்கும்போதுதான் உறைத்தது: போட்டிருந்ததும் கட்டம் போட்ட சட்டை. கடையில் நாங்கள் செக்டு என்போம்.

மூன்றும் ஒரே சொல்தான். அதுவும் பாரசீகச் சொல்: ஷா, அதாவது அரசன். இங்கிருந்து போன சதுரங்கத்தை ஆடிய பாரசீகர்கள், அரசனுக்கு ஆபத்து வந்தால் "ஷா!" என்று எச்சரிப்பார்கள். அது அரபு, லத்தீன், பிரெஞ்சு என்று வாய்க்கு வாய் மாறி ஆங்கிலத்தில் செக் ஆனது. ஆக, ராஜாவுக்கு செக் என்றால் ராஜாவுக்கு ராஜா! நம் 'நடு சென்டர்' மாதிரிதான்.

அரசனைத் தடுத்து நிறுத்துவதிலிருந்து 'தடுப்பது', அதிலிருந்து 'சரிபார்ப்பது' என்று பொருள் நீண்டது. செஸ் பலகையின் கட்டங்கள் துணிக்கு வந்தன.

எனக்குப் பிடித்தது வேறு. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்க வரிக்கணக்கை 10 அடி நீளம், 5 அடி அகல மேசையில் பார்த்தார்கள். மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. காசுக்குப் பதில் வில்லைகளைக் கட்டம் கட்டமாக நகர்த்திக் கூட்டிக் கழிப்பார்கள். பார்க்க செஸ் பலகை மாதிரி இருந்ததால் அதற்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். அந்நாட்டு நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இன்றும் அந்த மேசை இருக்கிறது. ஜவுளிக்காரனுக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா?

வங்கிச் செக் 18ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். மோசடியைத் தடுக்க, சரிபார்க்க வைத்துக்கொண்ட அடித்தாளுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். தடுத்த லட்சணம் என் பையில் இருக்கிறது.

அப்புறம், செக்மேட். ஷா மாத். மாத் என்றால் செத்தான் என்று பலரும் சொல்வார்கள். வழி தெரியாமல் திகைத்து நிற்பவன் என்ற பாரசீகப் பொருள்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே.

இவ்வளவையும் மகளிடம் சொல்லி முடித்தேன்.

"சரிப்பா, ராஜாவை நகர்த்துங்க" என்றாள்.

பார்த்தேன். நகர்த்த ஒரு கட்டம்கூட இல்லை.