ஸ்டியரிங்கையும் இன்ஜினையும் சேர்க்கிற அந்த நட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் சித்தப்பாவும் பினாங்கில் பத்து மாவுங் ஜெட்டியிலிருந்து கிளம்பி, ஜெரெஜாக் தீவின் கிழக்குப் பக்கமாகப் பினாங்கின் முதல் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்துத் தூண்களுக்குப் பக்கத்தில் கொடுவா கிடைக்கும் என்று அவர் இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். 18 அடி ஃபைபர் படகு, பின்னால் 40 குதிரைசக்தி யமஹா, கடல் தட்டையாகக் கிடந்தது, நல்ல வேகத்தில் போகிறோம். திடீரென்று ஸ்டியரிங் வீலில் கனமே இல்லை. இடப்பக்கம் திருப்புகிறேன், படகு தன் பாட்டுக்கு வலப்பக்கம் மடங்கித் திரும்புகிறது. சித்தப்பா உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து பறந்துபோய் இடது பக்கச் சுவரில் தோள் மோத விழுந்தார். இன்னும் ஒரு சாண் மேலே எழும்பியிருந்தால் கடலுக்குள்தான் போயிருப்பார், அதுவும் சுற்றிக்கொண்டிருக்கிற புரொப்பெல்லருக்குப் பக்கத்தில்.

நானும் விழுந்தேன். நான் விழுந்ததில் மணிக்கட்டில் மாட்டியிருந்த சிவப்புக் கயிறு சுவிட்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து இன்ஜின் நின்றது. அந்தக் கயிற்றை மாட்டாமல் போகிறவர்களை வாரா வாரம் ஜெட்டியில் பார்க்கிறேன். தயவு செய்து மாட்டுங்கள். வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அலை தாலாட்டப் படகு மிதந்துகொண்டிருக்கிறது, எதிரே ஜெரெஜாக். சித்தப்பா எப்போது அந்தத் தீவைக் கடந்தாலும் ஒரு தடவை கை கூப்புவார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, கப்பலில் வந்து இறங்கியபோது அங்கே இருந்த தனிமை முகாமில்தான் வைத்திருந்தார்களாம். அன்றைக்குத் தோளைப் பிடித்துக்கொண்டே கும்பிட்டார். அப்புறம் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "டேய், இது ரெண்டும் ஒட்டவே இல்லைடா" என்றார்.

எது ரெண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படகு வைத்திருக்கிற பலரும் அந்த இடத்தைக் குனிந்து பார்த்ததே இல்லை. வீலுக்குப் பின்னால் ஹெல்ம் என்கிற பெட்டி இருக்கிறது, அதற்குள் ஒரு பல்சக்கரம். வீலைத் திருப்பினால் அது ஒரு தடித்த கேபிளுக்குள் இருக்கிற கம்பியைத் தள்ளும், அல்லது இழுக்கும். கேபிளின் மறுமுனையில் 5/8 அங்குலத் தடிமனில் ஒரு ஸ்டெயின்லெஸ் தண்டு இருக்கும். இன்ஜினைத் தூக்கி இறக்கும்போது அது எந்தக் குழாயை அச்சாக வைத்துச் சுழல்கிறதோ, அந்தக் குழாய்க்குள் நுழைந்து இந்தத் தண்டு மறுபக்கம் வெளியே வரும். கடைக்காரர்கள் அதை டில்ட் டியூப் என்பார்கள். வெளியே வந்த தண்டின் நுனியையும், இன்ஜினின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டியரிங் கையையும் சேர்ப்பதற்கு லிங்க் ராட் என்று ஒரு வளைந்த கம்பி. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு போல்ட், ஒவ்வொரு நட்டு. அவ்வளவுதான். வீல், ஹெல்ம், கேபிள் எல்லாம் எவ்வளவு விலையில் வாங்கிப் போட்டாலும் கடைசியில் இன்ஜின் உங்கள் கைக்குக் கட்டுப்படுவது அந்த இரண்டு நட்டால்தான். எங்கள் படகில் இன்ஜின் பக்கத்து நட்டு கழன்று கடலுக்குள் போய்விட்டது, போல்ட்டும் அதோடு போய்விட்டது, லிங்க் ராட் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நங்கூரக் கயிற்றில் இரண்டு துண்டு வெட்டி, ஸ்டியரிங் கையின் ஓட்டையில் கட்டி, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் எடுத்து, வண்டிமாட்டு மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பது போல சித்தப்பா பிடித்துக்கொண்டார். நான் ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தேன். பத்து மாவுங் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வாழ்நாள் முழுக்கக் கைப்பிடி வைத்த இன்ஜினைப் பிடித்து சம்பான் ஓட்டியவர் அவர், வீலெல்லாம் காருக்குத்தான் என்பது அவருடைய கட்சி. அன்றைக்கு அவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த இன்னொரு முனையின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். விரலால் சுற்றினாலே நட்டு லொடலொடவென்று ஆடுகிறது. போல்ட் 3/8 அங்குலக் கரடுமரை, நட்டு 10 மில்லிமீட்டர் மெட்ரிக். 3/8 என்பது 9.5 மில்லிமீட்டர். மரை இடைவெளி ஒன்றில் 1.59 மில்லிமீட்டர், மற்றதில் 1.5. கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும், இறுகியது போலவும் தெரியும், ஆனால் கெட்டியாகப் பிடிக்காது. அதோடு அது வெறும் நட்டு, பூட்டிக்கொள்கிற நட்டு இல்லை. எனக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் ஒரு பட்டறையில் கைப்பிடி இன்ஜினை வீலுக்கு மாற்றியிருக்கிறார், அங்கே கையில் கிடைத்ததைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தப் படகில் என் மகளை உட்கார வைத்துப் புலாவ் அமான் தீவு வரைக்கும் போய் வந்திருக்கிறேன். இரண்டு ரிங்கிட் பெறாத ஒரு நட்டில் இப்படிச் செய்ய ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது?

சரி, யாரிடமும் கொடுக்காமல் நானே முழுக்கக் கழற்றி மாட்டுவது என்று முடிவெடுத்தேன்.

முதல் வேலை பழைய கேபிளை உருவுவது. உருவ முடியவில்லை. டில்ட் டியூப்புக்குள் பழைய கிரீஸ் காய்ந்து கல்லாகி, உப்போடு சேர்ந்து தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி, இரண்டு சாயங்காலம் போனது. வீல் கனமாகத் திரும்புகிறது என்று புகார் சொல்கிறவர்களுக்கு முக்கால்வாசி நேரம் நோய் இங்கேதான் இருக்கும், கேபிளில் இருக்காது. குழாய் காலியானதும் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை ஒரு நீளக் குச்சியில் கட்டி மண்ணெண்ணெயில் தோய்த்து, துணியில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் தேய்த்தேன்.

அடுத்தது கேபிள் நீளம். பழையது படகின் வலப்பக்கமாக வந்து மீன் பெட்டியை ஒட்டி வெடுக்கென்று மடங்கியிருந்தது. கேபிள் வளைகிற இடத்தில் ஆரம் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் உள்ளே இருக்கிற கம்பி உரசி உரசித் தேயும். அதனால் புதியதை இடப்பக்கமாகக் கொண்டுவர நினைத்தேன். வீலின் நடுவிலிருந்து பக்கச் சுவர் வரை 22 அங்குலம், சுவரோரமாகப் பின்பலகை வரை 110, அங்கிருந்து இன்ஜினின் நடு வரை 30. மொத்தம் 162. செங்கோணமாகத் திரும்புகிற ஒவ்வொரு வளைவுக்கும் 4 அங்குலம் கழிக்க வேண்டும், எனக்கு இரண்டு வளைவு, ஆக 154. டில்ட் டியூப் வழியாகப் போவதற்கு 6 கூட்டினால் 160. அடிக்கணக்கில் 13 அடி 4 அங்குலம். கேபிள் முழு அடியில்தான் வரும், எப்போதும் அடுத்த பெரிய அளவுக்குப் போக வேண்டும், ஆகவே 14 அடி. இது என்னுடையது போலப் பல்சக்கரம் வைத்த வட்ட ஹெல்முக்கான கணக்கு. நீளப் பல்சட்டம் வைத்த வகைக்குக் கூட்டுகிற அளவு வேறு, அந்தப் பெட்டியில் வருகிற தாளைப் பாருங்கள். கடையில் போய் எல்லோரும் இன்னமும் டெலிஃப்லெக்ஸ் கேபிள் என்றுதான் கேட்கிறோம். அந்தக் கம்பெனி சீஸ்டார் என்று பெயர் மாறி, 2017-இல் அதை டொமெடிக் என்கிற கம்பெனி வாங்கியும் விட்டது, ஆனாலும் பழைய பெயர் போகவில்லை.

கைப்பிடி இன்ஜினை வீலுக்கு மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கைப்பிடி மாடல்களில் லிங்க் ராட்டை மாட்டுவதற்கு நேரடி இடமே இருக்காது. ஸ்டியரிங் ஹூக் என்று தனியாக ஒரு பாகம் விற்கிறார்கள், அதை வாங்கிப் பொருத்த வேண்டும். இரும்புப் பட்டையை வெட்டி ஓட்டை போட்டு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புதுத் தண்டில் கடல் கிரீஸைத் தாராளமாகப் பூசி டில்ட் டியூப்புக்குள் விட்டு, கேபிளின் பெரிய நட்டை டியூப்பின் மரையில் இறுக்கினேன். அப்புறம் லிங்க் ராட். இந்தத் தடவை போல்ட்டோடு சேர்ந்தே வருகிற கிட் வாங்கினேன். 3/8 அங்குலம், நுண்மரை, அங்குலத்துக்கு 24 மரை, அதே மரையில் நைலான் வளையம் வைத்த நட்டு. இன்ஜின் பக்கத்து போல்ட்டை முதலில் ஸ்டியரிங் கையோடு இறுக்கி, அதன்மேல் நட்டையும் நன்றாக இறுக்க வேண்டும். கேபிள் பக்கத்தில் அப்படி இல்லை. நட்டு உட்காரும் வரை இறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னால் விட வேண்டும், ஏனென்றால் திருப்பும்போது ராட் அந்த மூட்டில் சுழன்று கொடுக்க வேண்டும். கால் சுற்று தளர்த்தியும் அது கழன்று போகாமல் இருப்பது அந்த நைலான் வளையத்தால்தான். சாதா நட்டை இங்கே போடவே கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான். ஒரு தடவை கழற்றிவிட்டால் அந்த நட்டைத் திரும்பப் போடாதீர்கள், வளையம் பிடிப்பை இழந்திருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்து, படகு டிரெய்லரில் இருக்கும்போதே வீலை வலப்பக்கம் திருப்பினேன். பின்னால் நின்ற சித்தப்பா, "இடது பக்கம் போவுதுடா" என்றார். புரொப்பெல்லர் இடப்பக்கம் போயிருக்கிறது. வீலை வலப்பக்கம் திருப்பினால் புரொப்பெல்லரும் வலப்பக்கம்தான் வர வேண்டும், அப்போதுதான் படகின் பின்பகுதி இடப்பக்கம் தள்ளப்பட்டு மூக்கு வலப்பக்கம் திரும்பும். எனக்கு நேர் தலைகீழ்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. வழக்கமாகக் கேபிள் வலப்பக்கமிருந்து டியூப்புக்குள் நுழையும், வலப்பக்கம் திருப்பினால் தண்டு இடப்பக்கமாக வெளியே நீளும், இன்ஜினின் முன்கையை இடப்பக்கம் தள்ளும், அதனால் பின்னால் இருக்கிற புரொப்பெல்லர் வலப்பக்கம் போகும். நான் கேபிளை இடப்பக்கமிருந்து நுழைத்துவிட்டேன், தண்டு எதிர்ப்பக்கம் நீள்கிறது. இதற்காகக் கேபிளை மாற்ற வேண்டியதில்லை. என்னுடைய ஹெல்மில் பல்சக்கரத்தின் மேல்பக்கமாகவும் கேபிளை ஏற்றலாம், கீழ்ப்பக்கமாகவும் ஏற்றலாம். கழற்றி மறுபக்கம் ஏற்றியதும் சரியாகிவிட்டது. இதைத் தண்ணீரில் இறக்கிய பிறகு கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், பத்து மாவுங் ஜெட்டியில் ஞாயிறு காலை ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு எத்தனை படகு நிற்கும்!

அப்புறம் இன்ஜினை முழுக்க மேலே தூக்கி ஒரு தடவை, பாதியில் நிறுத்தி ஒரு தடவை, கீழே இறக்கி ஒரு தடவை, மூன்று நிலையிலும் வீலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுற்றிப் பார்த்தோம். லிங்க் ராட் எங்கேயும் இடிக்கக் கூடாது, கேபிள் பின்பலகையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. தூக்கிய நிலையில்தான் பெரும்பாலும் இடிக்கும், அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

தண்ணீரில் ஓட்டியபோது வீல் வலப்பக்கம் கொஞ்சம் இழுத்தது. அது பிழை இல்லை, பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றுகிற புரொப்பெல்லரின் இயல்பு. அதற்குச் சற்று மேலே, தட்டையான தகட்டின் அடியில், மீன்வால் மாதிரி ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதன் போல்ட்டைத் தளர்த்தி வாலின் பின்நுனியையும் வலப்பக்கமே கொஞ்சம் திருப்பி இறுக்கினால் இழுப்பு குறையும். இரண்டு முயற்சியில் எனக்கு நேரானது.

ஹைட்ராலிக் போடலாமே என்று மச்சான் கேட்டார். பெரிய இன்ஜினுக்கு அது கட்டாயம் நல்லது, கைக்குச் சுமை தெரியாது. 40 குதிரைசக்திக்குக் கேபிளே போதும். எதைப் போட்டாலும் இன்ஜினோடு சேர்கிற இடத்தில் நட்டு இருக்கத்தான் செய்யும்.

கிரீஸ் அடிக்கும்போது ஒரு விஷயம். டில்ட் டியூப்பில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், தண்டு முழுக்க உள்ளே போயிருக்கும்படி வீலைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். தண்டு வெளியே நீண்டிருக்கும்போது அடைத்தால் உள்ளே கிரீஸ் திணறி, திரும்பவே விடாமல் பூட்டிக்கொள்ளும்.

சித்தப்பா தன் பங்குக்கு ஒன்று செய்தார். என் மனைவியிடம் சிவப்பு நகச்சாயம் வாங்கி, இரண்டு நட்டின் மேலும் போல்ட்டோடு சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிட்டார். நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். இப்போது ஜெட்டியில் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் அவர் குனிந்து அதைப் பார்க்காமல் படகு கிளம்புவதில்லை. தோள் வலி இன்னும் முழுசாக விடவில்லை, குனியும்போது முகம் சுளிக்கிறது, நான் பார்க்கிறேன் என்றாலும் விடமாட்டேன் என்கிறார்.

இது வரைக்கும் ஐந்து தடவை போய் வந்துவிட்டோம், கோடு உடையவில்லை. மச்சானுடைய படகைப் போன வாரம் எட்டிப் பார்த்தேன். லிங்க் ராட்டில் வெறும் இரும்பு நட்டு, அதுவும் துருப்பிடித்து உதிர்கிறது. சனிக்கிழமை கடல் வற்றுவதற்குள் அதைக் கரையேற்றிக் கழற்றப் போகிறோம், சித்தப்பாவும் வருகிறார்.