கிளினிக்கிற்குப் போகும் முன்: மலைநாட்டு ஓய்வூதியக்காரருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

வேலையை விட்டு நின்ற பிறகு மலைநாட்டில் எங்களில் பலருக்கு மாதக் கணக்கே கிளினிக் திகதியை வைத்துத்தான் ஓடுகிறது. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் ஒரே கொப்பி. டொக்டருக்கு முன்னால் உட்காரக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் அவர் பார்க்கும் எண் பிழையென்றால் அடுத்த மாதம் முழுவதும் விழுங்கும் குளிசையின் அளவும் பிழை. அதனால் எண் எங்கே பிழைக்கிறது என்று தெரிந்திருப்பது அவசியம்.

முதலில் பிரஷர். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றுக்கு ஏற்றம் ஏறித்தான் போக வேண்டும். மூச்சிரைக்கப் போய் உடனே கையை நீட்டினால் மேல் எண் தாராளமாகக் கூடித் தெரியும். ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி, பேசாமல் இருந்த பிறகே பார்க்க வேண்டும். குளிரும் இரத்தக் குழாயைச் சுருக்கிப் பிரஷரைக் கூட்டும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் மார்கழி, தை மாத விடியலில் இதை நன்றாகக் காணலாம். இங்கே அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டியைக் கட்டுவது, அல்லது இறுக்கமான சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக் கட்டுவது. இரண்டுமே சரியான அளவைத் தராது. முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டரும் தளர்வான கை வைத்த சட்டையும் போட்டுக்கொண்டு போனால் ஒரு கையை முழுதாக வெளியே எடுப்பது சுலபம். சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதும் எண்ணைக் கூட்டும், முதலில் போய்விட்டு வாருங்கள்.

வீட்டில் மெஷின் இருந்தால் கிளினிக்கிற்கு முந்தைய ஏழு நாளும் காலையில் குளிசைக்கு முன்னும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் எழுதக் கூடாது. ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை, வீட்டில் 135/85. அந்தத் தாளைக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்தால் டொக்டர் ஒரு நாள் எண்ணை நம்பிக் குளிசையைக் கூட்ட வேண்டியிருக்காது.

அடுத்தது வெறுவயிற்று இரத்தம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் காலை ஏழு, எட்டு மணிக்கு இரத்தம் கொடுக்கலாம். பின்னேரம் ஐந்து மணிக்கே சாப்பாட்டை நிறுத்திவிட்டு வரிசையில் தலைசுற்றி விழுபவர்கள் இருக்கிறார்கள், அது தேவையே இல்லை. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும், நரம்பு கிடைப்பது லேசாகும். தேத்தண்ணி மட்டும் கூடாது, சீனி போடாத சாயத் தேத்தண்ணியும்தான். பிரஷர் குளிசையை வழக்கம்போல் தண்ணீரோடு போட்டுவிட்டுப் போகலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும் இரத்தம் கொடுத்து, சாப்பிடும்போதுதான். இதைக் கலந்து குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து. கையில் ரொட்டியும் பையில் இரண்டு டொபியும் இருக்கட்டும். சாப்பிட்ட பின் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

மூன்று நாள் சோறைக் குறைத்துக்கொண்டு போய் நல்ல எண் வாங்கி வருபவர்களுக்கு எச்.பி.ஏ.1.சி. சோதனை உண்மையைச் சொல்லிவிடும், அது இரத்தத்திலுள்ள சீனியின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. ஆனால் இரும்புச் சத்துக் குறைந்த இரத்தச்சோகை இருந்தால் இந்த எண் கூடித் தெரியலாம். தோட்டங்களில் இரத்தச்சோகை குறைவில்லை என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கண்ணின் பின்படலம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை, பாதம். சீனி உள்ளவர் இந்த நான்கையும் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றும் நோகவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது, கண்ணும் சிறுநீரகமும் நோகாமலே கெடும்.

இலை, காய் விஷயத்தை டொக்டரிடம் மறைப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணிச் சுண்டலும் சாப்பாடுதான், பயமில்லை. ஆனால் தேயிலை மலைக் கானோரத்தில் பறிக்க வேண்டாம், புல்லுக்கு மருந்து அடித்த தண்ணீர் அங்கேதான் வடியும். வீட்டு வாளியில் ஈரமண் போட்டு ஒரு கொடி ஊன்றினால் தானே படரும். பச்சையாகச் சாப்பிடுவதை ஓடும் தண்ணீரில் மூன்று நான்கு தரம் அலசுங்கள். பாகற்சாறு, கொவ்வை இலை போன்றவற்றைக் குளிசையோடு சேர்த்து நாள்தோறும் எடுத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் அதுதான். காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் சாறு பிழிந்து வெறுவயிற்றில் குடிக்கவே வேண்டாம். அவற்றிலுள்ள ஒக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். சீனிக்கு நல்லதென்று காமரங்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் பாதித்தவர்களை இலங்கை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

நடைக்கு வெயில் எழும்பிய பிறகு, ஏழரைக்கு மேல் கிளம்புங்கள். மலைநாட்டில் சமதரை கிடைப்பது அரிது. ஏற்றம் இதயத்துக்கு வேலை, இறக்கம் முழங்காலுக்கு வேலை. ஏறும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். பேச்சு நின்றால் நீங்களும் நில்லுங்கள். இறங்கும்போது சின்ன அடி, வளைந்து போகும் வண்டிப் பாதை, கையில் கொய்யாத் தடி. குறுக்குப் பாதைப் படிகளில் பாசி பிடித்திருக்கும், செருப்போடு அதில் இறங்கி இடுப்பு எலும்பு முறிந்தால் பிறகு நடையே இல்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வைகாசி முதல், பதுளைப் பக்கம் ஐப்பசி முதல் மழை. அந்த மாதங்களில் அட்டைக்கு நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, வெளியே சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளலாம். கடித்தால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அஸ்பிரின், குளோபிடோகிரல், வோர்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு இரத்தம் நிற்க இன்னும் நேரமாகும். குளவிக்கூடு தொங்கும் மரத்தடியை ஊரார் சொன்ன அன்றே தவிர்த்துவிடுங்கள். நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி.

வீடு திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். சீனி உள்ளவருக்குக் கல் குத்தியதே தெரியாமல் இருக்கும். நடையில் நெஞ்சு இறுகினாலோ, இடது கை, தாடை கனத்தாலோ, ஏற்றத்தை முடிக்கப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் பக்கத்துக் கோவிலையும் சொன்னால்தான் வண்டி சரியான சந்தியில் திரும்பும்.