டெல்லியில் எம்.ஏ. வரலாறு: தாது வருஷக் கோப்புகளைத் தேடிப்போன அனுபவம்

தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நுழைவுத் தேர்வைப் பற்றித்தான். இப்போது அது சியூஇடி பிஜி. தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது, கொள்குறி வினாக்கள்தான் வரும். பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் தாண்டிவிடலாம். சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்.

பாடப்புத்தகம் என்று ஒன்று அங்கே கிடையாது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வாசிப்புப் பட்டியல் தருவார்கள். ஒரு நூலில் இரண்டு இயல், ஏதோ ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை, அதற்கு இன்னொருவர் எழுதிய மறுப்பு என்று அது நீளும். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, பைண்ட் செய்து கட்டாக வைத்துக்கொள்வோம். வடக்கு வளாகத்தில் படேல் செஸ்ட் பக்கம் போனால் வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். இப்படி நகலெடுத்துக் கொடுப்பது பதிப்புரிமை மீறல் என்று பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டு, 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை நான் நன்றியோடு நினைக்கிறேன். பட்டியலில் உள்ள நூல்களை விலை கொடுத்து வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் என் வீட்டால் முடிந்திருக்காது.

அடுத்தது மொழி. வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில். வகுப்பில் ஆங்கிலமும் நடுநடுவே இந்தியும். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம், தமிழில் முடியாது. தமிழ் வழியில் வந்த எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முடித்த கையோடு தமிழில் ஒரு பத்தி எழுதிவிடுவேன்: இவர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார், எதை வைத்துச் சொல்கிறார். உதாரணத்துக்கு, பழைய இந்தியாவில் நிலதானங்கள் பெருகப் பெருக மைய அரசின் பிடி தளர்ந்து நிலப்பிரபுத்துவம் உருவானது என்கிறார் வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா. இந்திய உழவர் பெரும்பாலும் தன் உற்பத்தியைத் தானே நடத்தியவர், ஐரோப்பியப் பண்ணையடிமையோடு அவரை ஒப்பிட முடியாது என்று 1979-இல் கேள்வி எழுப்புகிறார் ஹர்பன்ஸ் முக்கியா. சண்டை இன்னது என்று தமிழில் பிடிபட்டுவிட்டால் அப்புறம் அதை ஆங்கிலத்தில் எழுதுவது பெரிய விஷயமில்லை. பிரமதேயம் (பிராமணருக்கு விட்ட நிலம்), தேவதானம் (கோயிலுக்கு விட்ட நிலம்), இறையிலி (வரி நீக்கிய நிலம்) எல்லாம் மற்றவர்கள் குறிப்புப் பார்த்துப் படிக்கும் சொற்கள். நம் கல்வெட்டுகளை நேரடியாகப் படிக்க முடிகிற பலம் நமக்கு உண்டு, அதைத் தயங்காமல் வகுப்பில் பயன்படுத்துங்கள்.

பருவக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது 1876-78 பஞ்சம். நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது இதைத்தான். சென்னை மாகாணத்துப் பஞ்சத்துக்கு டெல்லியில் என்ன இருக்கப்போகிறது என்று நண்பர்கள் கேட்டார்கள். நிறைய இருக்கிறது. அன்றைக்கு இந்திய அரசின் தலைநகரம் கல்கத்தா. சென்னை அரசு கல்கத்தாவுக்கு எழுதியது, கல்கத்தா பதில் எழுதியது, லண்டனுக்குப் போனது எல்லாம் மைய அரசின் ஆவணங்கள். 1911-இல் தலைநகரை மாற்றுவதாக அறிவித்த பிறகு அந்த ஆவணங்களும் மெல்ல மெல்ல டெல்லிக்கு வந்துசேர்ந்தன. இன்று அவை ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

உள்ளே போவது கடினமில்லை. துறையிலிருந்து ஒரு அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, பூர்த்தி செய்த விண்ணப்பம், அவ்வளவுதான். கடினம் அதன் பிறகு. ஆண்டு வாரியாக, துறை வாரியாக அச்சிட்ட அட்டவணைத் தொகுதிகள் இருக்கும். அதில் தலைப்பைத் தேடி, துறை, கிளை, மாதம், எண் எல்லாம் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த உடனே கோப்பு வராது, காத்திருக்க வேண்டும். சில சீட்டுகள் ‘என்.டி.’ என்று எழுதித் திரும்பி வரும். அந்தக் கோப்பு காப்பகத்துக்கு மாற்றப்படவே இல்லை என்று அர்த்தம். சில கோப்புகள் தொட்டால் நொறுங்கும் நிலையில் இருப்பதால் தரமாட்டார்கள். அதனால் ஒரே கோப்பை நம்பித் தலைப்பு வைக்காதீர்கள். காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் விடுதியில் இருந்தபடியே தேடி, எண்களைக் குறித்துக்கொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

கோப்பு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் முடிவைத்தான் படிப்பார்கள். என் ஆசிரியர் அதைக் கடைசியில் படிக்கச் சொன்னார். ‘கீப் வித்’ என்று சில கோப்புகளோடு சேர்த்து வைத்த குறிப்புகள் இருக்கும். முடிவெடுக்கும் முன் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை. யார் தயங்கினார், யார் செலவைக் காட்டி மறுத்தார் என்பது அங்கேதான் தெரியும். வெளியே போகும் கடிதத்தில் எல்லாம் ஒரே குரலாகிவிடும்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிளைப் பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பினார். 1873-74 பிகார் பஞ்சத்தில் அரிசி இறக்குமதி செய்து, அதிகம் செலவழித்துவிட்டார் என்று பேச்சு வாங்கியவர் இதே டெம்பிள். இங்கே வந்து நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் காசு என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். வெயிலில் மண் வெட்டிச் சுமக்கிறவருக்கு நாள் முழுக்க அவ்வளவுதான். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது உழைக்கும் உடம்புக்குப் போதாது என்று விடாமல் எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

லிட்டன் அதே 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தார். அந்த இடம் வடக்கு வளாகத்திலிருந்து தூரமில்லை. இன்று அதன் பெயர் கொரொனேஷன் பார்க். 1911 தர்பாருக்கு வைத்த தூணும், இந்தியா கேட் பக்கத்திலிருந்து கொண்டுவந்த ஐந்தாம் ஜார்ஜ் சிலையும் அங்கே நிற்கின்றன. அரசிதழில் படித்ததை இப்படிப் போய் நின்று பார்க்க முடிவது தலைநகரில் படிப்பதன் பெரிய லாபம். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் கட்டுரையை எழுதினேன், இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

கோப்புகளில் மக்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். அதை ஈடுகட்ட நம் பஞ்சக் கும்மிப் பாடல்களை மொழிபெயர்த்து, சான்றாகச் சேர்த்தேன். ஆசிரியர் மகிழ்ந்தார், உடனே கேள்வியும் கேட்டார்: இதைப் பாடியது யார், எப்போது எழுதப்பட்டது, யார் கேட்பதற்காக? டெம்பிளின் கடிதத்தை எந்தக் கேள்விகளால் குடைந்தோமோ அதே கேள்விகள். நம் பாட்டு என்பதற்காகச் சலுகை கிடையாது. அந்தப் பகுதியை முழுக்கத் திருப்பி எழுதினேன். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ஒரு விஷயம் கடைசி வரை டெல்லியில் கிடைக்கவில்லை. எந்தத் தாலுகாவில் எந்தக் கஞ்சித்தொட்டி, எந்த வேலைத்தலம் என்ற அளவுக்கு இறங்க வேண்டுமென்றால் சென்னை வருவாய் வாரியத்தின் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். அவை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விடுமுறையில் அங்கே போய்த்தான் மீதியை முடித்தேன். அங்கும் அனுமதிக்குக் கடிதம் வேண்டும். அதனால் துறையில் கடிதம் கேட்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள், ஒன்று ஜன்பத்துக்கு, ஒன்று எழும்பூருக்கு.