ஊதாவா, சிவப்பா? பெயரில்லாத ஒரு கல்ச்சரோடு மூன்று நாள்

செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு கல்ச்சர் தட்டைக் கொடுத்தார்கள், அதாவது பாக்டீரியா வளர்த்த தட்டு. மேலே எண் மட்டும்தான். உள்ளே இருக்கும் பாக்டீரியா எது என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வேலை கிராம் சாயம்: பாக்டீரியாவை ஊதா (கிராம் பாசிட்டிவ்), சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என்று பிரித்துக் காட்டும் சோதனை. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை, இன்றும் தொடக்கம் அதுதான். கிரிஸ்டல் வயலட் (ஊதாச் சாயம்) ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், அப்புறம் ஆல்கஹால், கடைசியில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். படிக்க எளிது. என் முதல் ஸ்லைடு முழுக்க ஊதா அப்பிக் கிடந்தது. லூப்பில் (கம்பி வளையம்) நிறைய எடுத்துத் தடிமனாகத் தேய்த்திருந்தேன். காய்ந்த ஸ்மியர் (தேய்த்த படலம்) வழியாக அடியிலுள்ள எழுத்தைப் படிக்க முடிய வேண்டும், அவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவதில் எல்லாமே சிவப்பு. ஆல்கஹாலைக் கூடுதல் நேரம் விட்டுவிட்டேனோ என்று சந்தேகம். இந்த முறையின் உயிரே அந்தச் சில விநாடிகள்தான். வயலட்டும் அயோடினும் செல்லுக்குள் சேர்ந்து பெரிய துகளாகிவிடும். கிராம் பாசிட்டிவின் தடித்த சுவர் ஆல்கஹாலில் ஈரமிழந்து இறுகி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெகட்டிவின் வெளிச்சவ்வு கரைய, மெல்லிய சுவர் வழியே ஊதா போய்விடும். ரொம்ப நேரம் விட்டால் பாசிட்டிவும் கைவிட்டுவிடும். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழிவது நிறமில்லாமல் ஆனதும் உடனே தண்ணீர்.

மூன்றாவது ஸ்லைடில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஓரம் பாசிட்டிவான ஸ்டஃபைலோகாக்கஸ், மறு ஓரம் நெகட்டிவான ஈ. கோலை, நடுவில் என்னுடையது. எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸில் பார்த்தேன். ஓரங்கள் இரண்டும் சரி: ஊதாக் கொத்துகள், சிவப்புக் குச்சிகள். நடுவில் மட்டும் ஒரே சங்கிலியில் ஒரு குச்சி ஊதா, அடுத்தது சிவப்பு. அப்படியானால் சாயத்தில் பிழையில்லை. தட்டின் தேதியைப் பார்த்தேன்: நான்கு நாள் பழசு. வயதான கிராம் பாசிட்டிவ் செல்களின் சுவர் பலவீனமாகிச் சாயத்தை விட்டுவிடும்.

புதுத் தட்டில் கீறி வளர்த்து, மறுநாள் 18 மணி நேரக் கல்ச்சரில் சாயம் ஏற்றினேன். அத்தனையும் ஊதாக் குச்சிகள், நீளநீளச் சங்கிலிகளாக. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. சில குச்சிகளின் நடுவில் சாயமே ஏறாத சிறு முட்டை வடிவ வெற்றிடம். வித்தாக, அதாவது கடினமான சூழலைத் தாங்கச் சில பாக்டீரியா உள்ளே உருவாக்கும் உறங்கும் வடிவமாக, இருக்குமோ என்று தோன்றியது.

வித்துச் சாயத்துக்கு அந்தப் பழைய தட்டுதான் கைகொடுத்தது. வித்துகள் உணவு குறைந்த முதிர்ந்த கல்ச்சரில்தான் நிறைய இருக்கும். மலகைட் பச்சையை ஊற்றி, ஆவியில் ஐந்து நிமிடம், காயாமல் இடையிடையே சாயம் சேர்த்துக்கொண்டே. பிறகு தண்ணீரில் கழுவி சாஃப்ரனின். சிவப்புக் குச்சிகளுக்குள் பச்சை மணிகள் தெரிந்தன.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு வைத்ததும் நுரைத்தது, பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. காற்றிலும் நன்றாக வளர்கிறது. அதனால் காற்றில்லாத இடத்தில் வளரும் இன்னொரு வித்துக் குச்சியான கிளாஸ்ட்ரிடியம் இல்லை. பதிவேட்டில் ‘பேசில்லஸ்’ என்று பேரினப் பெயரை மட்டும் எழுதி, இனத்துக்கான இடத்தைக் காலியாக விட்டேன். அதற்கு உயிர்வேதிச் சோதனைகள் வேண்டும். அன்று மாலையே அவற்றுக்கான குழாய்களில் கல்ச்சரை ஏற்றி இன்குபேட்டரில் வைத்தேன்.